சூடானால் நிற்கும் டிராக்டர்: என்ஜினை இறக்கும் முன் டீசல் பாதையைப் பாருங்கள்

காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். இரண்டு மணி நேரம் குறையில்லாமல் உழும். வெயில் ஏறி என்ஜின் நன்றாகச் சூடானதும் வேகம் தளர்ந்து, தானாக நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடும். கொஞ்ச நேரத்தில் மறுபடி நிற்கும். டெல்டாவில் சம்பாவுக்குச் சேறு அடிக்கும் நாள்களில் அடிக்கடி கேட்கும் புகார் இது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்றுக்கு வயது ஏறுகிறது, வாடகை வண்டியும் கிடைக்கவில்லை என்ற நெருக்கடியில், "என்ஜின் தேய்ந்துவிட்டது, இறக்கிப் பார்த்துவிடலாம்" என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும் செலவு செய்து, வண்டியை நாள்கணக்கில் நிறுத்திய பிறகும் அதே கோளாறு தொடர்வதுண்டு. ஏனெனில் குற்றவாளி டீசல் டேங்க் மூடியாகக்கூட இருக்கலாம்.

என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகி நிற்பது வேறு; சரியான சூட்டில் இருக்கும்போதே டீசல் கிடைக்காமல் நிற்பது வேறு. இரண்டையும் பிரித்துக் காட்டுவது மீட்டர் பலகையில் உள்ள வெப்பமானி முள். வண்டி நின்ற அந்த நொடியில் முள் எங்கே இருந்தது என்பதை டிரைவர் கவனித்துச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. முள் வேலை செய்யாத வண்டி என்றால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

முள் சிவப்பில் இருந்தால் பார்க்க வேண்டியது ரேடியேட்டர் பக்கம். அறுவடை முடிந்த வயலில் பறக்கும் வைக்கோல் தூசியும் சேறும் ரேடியேட்டரின் முன் வலையையும் இடுக்குகளையும் அடைத்துக்கொள்ளும். காற்றாடி பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் காற்று அடித்துச் சுத்தம் செய்ய வேண்டும்; முன்னாலிருந்து வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினால் தூசி இன்னும் உள்ளே போகும், தகடுகளும் மடங்கும். ஃபேன் பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் உள்வாங்குவது சரி. அதற்கு மேல் தொளதொளவென்று இருந்தால் இறுக்க வேண்டும். உப்புத் தண்ணீர் உள்ள ஊர்களில் போர் தண்ணீரையே ஊற்றி வருவதால் உள்ளே உப்புப் படிந்து குழாய்கள் அடைபடும். கையேட்டில் சொன்ன கூலண்ட் ஊற்றுவதே நல்லது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதனால் என்ஜின் தேவையான சூட்டுக்கு வராமல் டீசல் வீணாகுமே தவிர, அடைப்பு சரியாகாது.

முள் சிவப்பை நெருங்கும்போதே உழவை நிறுத்தி, பி.டி.ஓ.வை விடுவித்து, சில நிமிடம் ஸ்லோவில் ஓடவிட்டு அணைக்கவும். தண்ணீர் கொட்டிவிட்டாலோ, ஆயில் விளக்கு எரிந்தாலோ உடனே அணைத்துவிட வேண்டும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் உள்ளே உள்ள தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். திறந்ததும் முகத்தில் பீறிட்டு அடிக்கும். கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். ஆறிய பிறகு டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்துவிட்டது. அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை அழைப்பதே வழி.

முள் பச்சையிலேயே இருந்து வண்டி நின்றதா? அப்படியானால் எப்படி நின்றது என்று யோசியுங்கள். இழுவை குறைந்து, ஏறி இறங்கி முனகி நின்றால் டீசல் பற்றாக்குறை. சுவிட்சை அணைத்ததுபோல் சட்டென்று நின்றால், சாவியால் அணைக்கும் வண்டிகளில் ஸ்டாப் சாலினாய்டு மீது சந்தேகம் கொள்ளலாம். சூட்டில் அதன் காயில் விட்டுவிடும்; சில நேரம் அதிர்வில் ஒயர் முனை தளர்ந்திருக்கும். இழுத்து அணைக்கும் கேபிள் உள்ள பழைய வண்டிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

டீசல் பற்றாக்குறை என்றால் முதல் சோதனைக்குக் காசே வேண்டாம். வண்டி நின்றதும் டீசல் டேங்க் மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, உடனே வண்டியும் ஸ்டார்ட் ஆனால், மூடியில் உள்ள காற்றுத் துளை சேற்றால் அடைபட்டிருக்கிறது. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வராமல் டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி, டீசல் இறங்குவது நின்றுவிடும். அரை மணி நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்விடுவதால் மறுபடி ஓடும். நாம் 'ஆறினதும் ஓடுகிறது' என்று நினைத்துக்கொள்கிறோம். டேங்க்குக்குள் விழுந்த துணித் துண்டோ இலையோ வாயை அடைத்தாலும் இதே கதைதான்: ஓடும்போது இழுத்து அடைக்கும், நின்றதும் விலகிவிடும்.

மூடி சரியாக இருந்தால், கை பம்பை அடித்துப் பாருங்கள். அடித்ததும் ஸ்டார்ட் ஆகிறது என்றால், ஃபில்டர் அடைப்பு, ஃபீட் பம்ப் பலவீனம், ஏர் இழுப்பது ஆகிய மூன்றில் ஒன்று. பழைய ரப்பர் குழாய் சூட்டில் இளகி உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும், அல்லது இணைப்பில் ஏர் இழுக்கும். ஃபில்டருக்கு முந்தைய குழாயைத் தற்காலிகமாக டீசல் தாங்கும் கண்ணாடி டியூபாக மாற்றினால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். ஃபில்டர் மாற்றிய பின், அதன் மேல் போல்ட்டைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை கை பம்பை அடித்து ஏர் எடுக்க மறக்க வேண்டாம். 2023 முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்குக் கடுமையான புகை விதி வந்த பிறகு, அந்த ரகங்களில் மின்னணு டீசல் அமைப்பு பரவியிருக்கிறது. அவற்றின் உயர் அழுத்தக் குழாய்களை நாமே தளர்த்தக் கூடாது. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும், சூட்டில் வெகுநேரம் செல்ஃப் அடித்தாலும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், டீசல் பம்ப் தேய்ந்திருக்கலாம். சூடான டீசல் நீர்த்துவிடும். தேய்ந்த பம்புக்குள் அது கசிந்து போவதால் நாசிலுக்குப் போதிய அழுத்தம் கிடைக்காது. டேங்க்கில் டீசல் அடிமட்டத்தில் இருக்கும்போது, திரும்பி வரும் சூடான டீசலே மறுபடி மறுபடி சுற்றுவதால் தொல்லை கூடும். மண்ணெண்ணெய் கலப்பு இதை இன்னும் மோசமாக்கும். என்ஜின் நின்றிருக்கும்போது ஈரச் சாக்கைப் பம்ப் மீது பத்து நிமிடம் போட்டு வைத்துப் பாருங்கள். அதன் பிறகு சட்டென ஸ்டார்ட் ஆனால் சந்தேகம் உறுதியாகிறது. பம்ப் மேல் தண்ணீரை நேராக ஊற்றக் கூடாது. உள்ளே மயிரிழை இடைவெளியில் சுழலும் பாகங்கள் இறுகிக்கொள்ளும்.

பம்ப் வேலையைச் சோதனை மேடை உள்ள டீசல் பம்ப் கடையில்தான் கொடுக்க வேண்டும். கழற்றும் முன் டைமிங் குறியை அடையாளமிட்டு வைக்கச் சொல்லுங்கள். நாசில்களையும் கூடவே கொடுத்து, அழுத்தம் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.