தன்னிரக்கமும் தம்பிரான் தோழரும்

துன்பம் நேர்ந்தபோது வருந்துவதும் கண்ணீர் விடுவதும் மாந்தர்க்கு இயல்பு. அத்துன்பம் கடந்து பல மாதங்கள் சென்ற பின்னரும், ‘எனக்கு மட்டும் ஏன் இந்த நிலை?’ என்னும் ஒரே வினாவை மனம் செக்குமாடு போலச் சுற்றி வருமாயின், அது தன்னிரக்கம் எனப்படும். சுயபச்சாதாபம் என்று வழக்கில் கூறுவதும் இதனையே. இதனால் பயனில்லை என்று நன்கு அறிந்தவரும் இதிலிருந்து மீள இயலாமல் தவிப்பது ஏன்?

தன்னிரக்கம் சிந்தனையின் வேடம் புனைந்து வருவதே பெருங்காரணம். தொழிலில் கூட்டாளியால் ஏமாற்றப்பட்ட ஒருவர், இரவெல்லாம் உறங்காமல் நடந்தவற்றை எண்ணுகிறார். தாம் காரணத்தை ஆராய்வதாகவே அவர் கருதுகிறார். பொழுது விடிந்ததும் கடனை அடைக்க எவரைக் காண வேண்டும் என்பது மட்டும் தெரிவதில்லை. மேலும், வாடிய மனத்திற்கு வாட்டம் தந்த பழைய நிகழ்ச்சிகளே எளிதில் நினைவுக்கு வரும். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கப் பாதாளக் கரண்டியை இறக்கினால், என்றோ விழுந்த குடங்களும் சிக்கி மேலே வருவதைப் போல, பாகப்பிரிவினையில் நேர்ந்த குறையும் உறவினர் சொன்ன சுடுசொல்லும் உடன் எழுகின்றன. ‘என் வாழ்வே இப்படித்தான்’ என்னும் முடிவுக்கு அவை சாட்சிகளாகி விடுகின்றன.

உளவியல் அறிஞரும் இதனை ஆராய்ந்துள்ளனர். 1989ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் பெரும் நிலநடுக்கம் உண்டாயிற்று. அதற்கு இரு வாரங்களுக்கு முன்னர்தான், மனம் சோர்வுறும்போது என்ன செய்வது வழக்கம் என்று ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர் பலரிடம் கேட்டுக் குறிக்கப்பட்டிருந்தது. சூசன் நோலன்-ஹோக்சிமாவும் உடன் ஆய்வாளரும் ஏழு வாரங்களுக்குப் பின் மீண்டும் வினவினர். தம் சோர்வையே அசைபோடும் வழக்கம் முன்பே உடையோரிடம் மனச்சோர்வு மிகுந்திருந்தது. முன்னரே இருந்த சோர்வின் அளவைக் கணக்கில் கொண்டு நோக்கியபோதும் அம்முடிவு மாறவில்லை.

சுற்றத்தாரின் பரிவும் சில வேளை இதனை வளர்க்கும். முதலில் ஆறுதல் கூறியவர், அதே கதையைப் பத்தாம் முறை கேட்கும்போது விலகுகின்றனர். அவ்விலகலும் புதிய குறையாகச் சேர்கிறது. (உறக்கமும் பசியும் இன்றிச் சில வாரங்கள் கழியுமாயின் அது நோயாகவும் இருக்கலாம், மருத்துவரை நாடுதல் வேண்டும்.)

இனி, குறை கூறுவதே தன்னிரக்கம் ஆகுமோ எனின், அன்று. சைவ அடியார்களுள் சுந்தரமூர்த்தி நாயனாரைப் போல இறைவனிடம் முறையிட்டவர் அரியர். திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சூளுரைத்தவர், திருவாரூர் நினைவால் ஊர் எல்லையைக் கடந்தார். இரு கண்களும் ஒளி இழந்தன. ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துள் சேக்கிழார் இதனை விரித்துரைக்கின்றார். பிழை தம்முடையதே என்பதைச் சுந்தரர் அறிவார். ஆயினும் அவர் வாய் மூடவில்லை. வழியில் அமர்ந்துவிடவும் இல்லை.

திருவெண்பாக்கத்தை அடைந்து, கோயிலுள் உள்ளீரோ என்று கேட்டார். உள்ளோம், நீர் செல்லும் என்னும் கருத்துப்பட, அயலார் போல மறுமொழி வந்தது. கிடைத்தது பார்வையன்று, ஓர் ஊன்றுகோலே. தன்னிரக்கத்திற்கு இதனினும் தக்க தருணம் உண்டோ? சினங்கொண்டு அவர் எறிந்த கோல் பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்தது என்பது தலவரலாறு. எனினும் கோலூன்றி நடந்து காஞ்சியை அடைந்தார். திருவேகம்பத்தில் இடக்கண் ஒளி பெற்றது. ஒரு கண்ணோடு திருவாரூர் சென்று, அடியவர் வருந்துவது நும் பெருமைக்கு அழகோ என்று பெருமானிடம் நேர்நின்று வாதாடினார். வலக்கண்ணும் ஒளி பெற்றது.

சுந்தரர் முறையிட்டது முழுவதும் ஒருவரை நோக்கியே. அதுவும் அடுத்த தலத்திற்கு நடந்துகொண்டே. தன்னிரக்கத்தில் கேட்பவரும் இல்லை, செல்லும் ஊரும் இல்லை.

திருவள்ளூரை அடுத்த பூண்டியில் நீர்த்தேக்கம் அமைந்தபோது, திருவெண்பாக்கத்தின் பழைய கோயில் இருந்த இடம் நீர்ப்பரப்புள் ஆயிற்று. பூண்டியில் புதிதாக எழுப்பப்பட்ட கோயிலில் இறைவன் ஊன்றீஸ்வரர் என்னும் திருநாமத்துடன் எழுந்தருளியுள்ளார். கொம்பு ஒடிந்த நந்தியை அங்குக் காணலாம்.