அணுக்களின் அண்டையயல்

ஆர்கன் என்னும் வாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்கினால், அதன் அணுக்கள் ஒன்றோடொன்று பிணைப்புறா. ஆயினும் அவை ஒன்றையொன்று பொருட்படுத்தாதிருப்பனவுமல்ல. மிக நெருங்கின் வன்மையாய்த் தள்ளும்; சிறிது விலகின் மெல்ல ஈர்க்கும்; மேலும் விலகின் அவ்வீர்ப்பும் விரைந்து தேயும். தூரம் இரட்டித்தால் ஈர்ப்புவிசை 128இல் ஒரு பங்காகிவிடும். இவ்விசைகளைக் கணித்து, அணுக்கள் செல்லும் நெறியைக் கணிப்பொறியில் அடியடியாக வரைந்து காணும் முறையே மூலக்கூற்று இயக்கவியலாம்.

ஐதராபாத்தில் 1927இல் பிறந்த அனீசுர் ரகுமான், 1964இல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக்கூடத்தில் 864 ஆர்கன் அணுக்களை இவ்வாறு இயக்கிக் காட்டினார். (கூடத்தின் பெயரும் வாயுவின் பெயரும் ஒலியில் ஒத்திருத்தல் தற்செயலே.) 864 அணுக்களை இரண்டிரண்டாகச் சேர்ப்பின் 3,72,816 இணைகள் ஆகின்றன. ஓர் அடியோ நொடியின் நூறு இலட்சங்கோடியில் ஒரு பங்கு. அடிதோறும் இத்தனை இணைகளுக்கும் விசை கணித்தல் எத்துணைப் பெருஞ்சுமை! ஆதலின், அணுவிட்டத்தின் இரண்டேகால் மடங்குக்கு அப்பாலுள்ள விசையை அவர் விட்டொழித்தார். அவ்வெல்லைக்குள் ஓரணுவுக்கு ஏறக்குறைய 38 அயலணுக்களே உள. இணைகளும் பதினாறாயிரத்துச் சொச்சமாய்ச் சுருங்குகின்றன.

ஆனால், எவ்வணு எல்லைக்கு அப்பாலுள்ளது என்பதை அளந்தன்றோ அறிதல் வேண்டும்? அளத்தற்கு மீண்டும் எல்லா இணைகளையும் நாடவேண்டுமே! இம்முடிச்சை 1967இல் வெர்லே என்னும் பிரெஞ்சு அறிஞர் அவிழ்த்தார். எல்லையினும் சற்றே அகன்ற வட்டத்துள் உள்ளாரைப் பட்டியலாக எழுதிவைத்துச் சில அடிகள்வரை அப்பட்டியலையே அவர் பயன்படுத்தினார். எமது மண்ணூரில் தொழிற்சாலை ஊழியர் குடிவருவதும் குடிபோவதுமாக இருத்தலின், வீடுவீடாய் எழுதிய பெயர்ப்பட்டியல் நெடுநாள் செல்லாது. அணுக்களின் பட்டியலும் அத்தகையதே. அகலமாய் விட்ட இடைவெளியிற் பாதியை ஏதேனும் ஓரணு கடக்குமுன் அதனைப் புதுக்குதல் வேண்டும். பாதி என்றது ஏன்? எதிரெதிரே வரும் இரண்டணுக்கள் பாதிபாதியாய் நடந்தே இடைவெளி முழுவதையும் கடந்துவிடும் அன்றோ? புதுக்காதுவிடின், பட்டியலிற் பெயரில்லா ஓரணு எல்லைக்குள் நுழைந்தும் விசையின்றி உலவும், கணக்கு பொய்க்கும். அணுத்தொகை மிகப் பெருகியவிடத்துப் பெட்டியைச் சிற்றறைகளாய்ப் பகுத்துத் தன்னறையிலும் சூழ்ந்த 26 அறைகளிலும் மட்டும் அயலாரைத் தேடுவர்.

விட்டொழித்ததற்கும் விலையுண்டு. எல்லையில் ஆற்றல் சட்டென அறுபடுமாயின், அணு அதனைக் கடக்குந்தோறும் மொத்த ஆற்றல் துள்ளும். ஆதலின் எல்லையிற் சுழியாகுமாறு அதனை நகர்த்திக்கொள்வர். தொலைவிலுள்ள ஈர்ப்பு ஒவ்வொன்றும் சிறிதாயினும் கூட்டுத்தொகை சிறிதன்று. அப்பால் அணுக்கள் சீராய்ப் பரவியுள்ளன எனக் கொண்டு அதனைப் பின்னர்க் கூட்டுவர்.

மின்னேற்றம் உடைய அணுக்களிடத்து இவ்வெட்டு ஒவ்வாது என்பதே எமது துணிபு. உப்பில் அவ்விசை தூரம் இரட்டித்தும் கால்பங்காக நிற்கும். அதனை அயலளவில் அறுத்தல் தகாது. அதற்கு எவால்டு 1921இல் படிகங்களுக்கென வகுத்த கூட்டல்முறையையும் அதன் வழிவந்த முறைகளையும் இன்றும் கையாளுகின்றனர்.