தானாக அணைந்து எழும் கம்ப்யூட்டர்: கடைக்குத் தூக்கும் முன் வீட்டில் பார்க்க வேண்டியவை



நம் அறக்கட்டளையின் கம்ப்யூட்டர் மையத்தில் ஐந்து இயந்திரங்கள் இருக்கின்றன. அவற்றில் மூன்றாவது இயந்திரம் சென்ற கோடையில் நம்மைப் பாடாய்ப் படுத்திவிட்டது. காலையில் ஒழுங்காக ஓடும். லுஹர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தால், கால் மணி நேரத்தில் திரை கறுத்துப்போய் தானாக மறுபடி எழும். கல்லூரியில் படிக்கும் ஒரு பிள்ளை உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது இரண்டு முறை இப்படி ஆனது. கடைசித் தேதிக்கு ஒரு நாள்தான் பாக்கி. வேறு இயந்திரத்தில் உட்கார வைத்து, விண்ணப்பம் போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்தப் பிள்ளையின் முகம் தெளிந்தது.

பார்க்க வந்த ஒருவர், "மதர்போர்டு போய்விட்டது, புதிதாக வாங்கிவிடுங்கள்" என்றார். பைத்துல்மாலில் இருப்பது நம் பணமல்ல, அமானத். காரணம் தெரியாமல் அதில் கை வைக்க மனம் வரவில்லை. நாமே ஒவ்வொன்றாகப் பார்த்தோம். நம் வீடுகள் பலவற்றில் பிள்ளைகளின் படிப்புக்காக வாங்கிய பழைய கம்ப்யூட்டர்கள் இருப்பதால், கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் கோப்புகள்

எந்தச் சோதனைக்கும் முன்னால், பிள்ளைகளின் சான்றிதழ், ஆதார், பத்திர நகல், குடும்பப் படங்கள் ஆகியவற்றை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் ஹார்டு டிஸ்கில் உள்ள கோப்பு கெட்டுப்போகலாம். இயந்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், போன கோப்பை வாங்க முடியாது.

எப்போது அணைகிறது என்று குறித்து வையுங்கள்

ஒரு தாளில் நான்கு நாள் எழுதி வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். கொஞ்ச நேரம் ஓடிய பிறகு, அதுவும் வெயில் நேரத்தில் அணைந்தால் சூடு காரணமாக இருக்கலாம். பக்கத்தில் மோட்டாரோ மிக்சியோ போடும்போது அணைந்தால் மின்சாரத்தைச் சந்தேகிக்க வேண்டும். விண்டோஸ் வருவதற்கு முன்பே அணைந்து அணைந்து எழுந்தால் எஸ்எம்பிஎஸ், ராம் அல்லது மதர்போர்டில் கோளாறு இருக்கலாம். விண்டோஸ் வந்த பிறகு, ஒரே மென்பொருளைத் திறக்கும்போது மட்டும் என்றால் மென்பொருளிலோ டிரைவரிலோ பிழை இருக்கும்.

மின்சாரமும் எர்த்தும்

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ் என்ற பெட்டி, நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றிக் கொடுக்கிறது. மின்சாரம் நின்றால் அது தாக்குப்பிடிப்பது நொடியில் நூறில் இரண்டு பங்கு நேரம்கூட இல்லை. விளக்கு லேசாகச் சிமிட்டியது நம் கண்ணுக்குத் தெரியாமல் போனாலும் கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும். ஆகவே சுவர் பிளக், ஸ்பைக் பஸ்டர், பின்னால் செருகும் பவர் கேபிள் மூன்றையும் ஆட்டிப் பாருங்கள். தளர்வாக இருந்தாலோ சூடாக இருந்தாலோ மாற்றுங்கள். யுபிஎஸ் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் வலுவிழக்கும். மின்சாரம் போனவுடன் கம்ப்யூட்டரும் அணைந்தால் பேட்டரி முடிந்தது என்று பொருள்.

எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புறம் 115, 230 என்று எழுதிய சிறு சிவப்பு சுவிட்ச் சில பழைய பெட்டிகளில் இருக்கும். அது எப்போதும் 230-இல் இருக்க வேண்டும். பிள்ளைகள் விளையாட்டாகத் தள்ளிவிட்டால் பெட்டி வெடித்துவிடும்.

நம் பகுதிக்கு இன்னொரு விஷயம் உண்டு. கரிசல் மண் மழையில் உப்பி, கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அப்போது எர்த் குழியில் பதித்த கம்பிக்கும் மண்ணுக்கும் உள்ள பிடிப்பு விட்டுப்போகும். கேபினெட்டின் இரும்பைத் தொட்டால் சுள்ளென்று இருந்தால் எர்த் சரியில்லை. கோடையில் எர்த் குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எத்தனை வோல்ட் என்று எலக்ட்ரீஷியனிடம் அளக்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. தெருவுக்கே வோல்டேஜ் ஏறி இறங்கினால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-இல் புகார் பதிவு செய்யலாம்.

தூசியும் சூடும்

மூன்றாவது இயந்திரத்தைத் திறந்தபோது, பிராசசர் மேலுள்ள ஃபேனுக்கு அடியில் கரிசல் தூசியும் பஞ்சும் கலந்து கம்பளிபோல அடைத்திருந்தது. காற்று போக வழியே இல்லை. பிராசசர் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போதும் சூடு குறையாவிட்டால், கருகிவிடாமல் இருக்க இயந்திரம் அணைந்துவிடும். சில இயந்திரங்கள் தாமாகவே மறுபடி எழும்.

சுத்தம் செய்வதற்கு முன் பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். கேபினெட்டின் இரும்பைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷாலும் புளோயராலும் தூசியை எடுங்கள். காற்று அடிக்கும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி வேண்டாம். ஃபேனைக் கழற்றினால் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, ஒரு பயறளவு புதிதாக வைக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் இதை மட்டும் தெரிந்தவரிடம் விடுவது நல்லது.

கேபினெட்டைத் தரையில் வைக்காமல் ஒரு பலகை மேல் வையுங்கள். சுவரிலிருந்து அரை அடி தள்ளி இருக்கட்டும். பூப்போட்ட துணியுறை அழகுதான், ஆனால் இயந்திரம் ஓடும்போது போர்த்தக் கூடாது.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். சந்தேகம் இருந்தால், நன்றாக ஓடும் வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்ப்பதே சரியான வழி.

பிழையைச் சொல்ல வைப்பது

விண்டோஸ் தடுமாறும்போது நீலத்திரையில் காரணத்தை எழுதும். நாம் படிப்பதற்குள் மறுபடி எழுந்துவிடும். அதை நிறுத்தலாம். தேடும் இடத்தில் 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று தேடித் திறந்து, 'ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி' பகுதியில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதன் டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை நீலத்திரை அப்படியே நிற்கும். போனில் படம் எடுத்து வையுங்கள். நீலத்திரையே வராமல் சட்டென்று அணைந்தால் பெரும்பாலும் மின்சாரம், சூடு, எஸ்எம்பிஎஸ் பக்கம்தான் பார்க்க வேண்டும். 'ஈவென்ட் வியூவர்' பதிவில் 'கெர்னல் பவர் 41' என்று இருந்தால் அது நோயின் பெயரல்ல. இயந்திரம் முறைப்படி அணையவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது.

ராம் துண்டுகளைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை எழுதும் ரப்பரால் லேசாகத் தேய்த்துத் துடைத்து மறுபடி செருகுங்கள். இரண்டு இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்ற சோதனை விண்டோஸிலேயே இருக்கிறது. மதர்போர்டில் உருளை வடிவக் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். 2000-களின் தொடக்கத்தில் வந்த பல போர்டுகளில் இந்தக் குறை இருந்தது.

மென்பொருளும் காரணமாகலாம். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற வைரஸ் புகுந்த கம்ப்யூட்டர்களில், 60 நொடியில் அணையப்போவதாக அறிவிப்பு வந்து தானாக அணைந்து எழுந்தன. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான ஒரு அப்டேட்டால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் இயந்திரங்கள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில்கூட போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த இயந்திரங்களில் ஒரு பாகமும் கெடவில்லை. சேஃப் மோடில் நுழைந்து பிழையான கோப்பை நீக்கியதும் எழுந்தன. அப்டேட் ஆன மறுநாளே தொல்லை தொடங்கினால், சேஃப் மோடில் போய் அந்த அப்டேட்டை நீக்கிப் பாருங்கள்.

கடைக்குக் கொடுக்கும்போது

இத்தனைக்கும் சரியாகவில்லை என்றால் கடைக்குக் கொடுக்கத்தான் வேண்டும். ஹார்டு டிஸ்க் இல்லாமலே எஸ்எம்பிஎஸ், ராம், மதர்போர்டைச் சோதிக்கலாம். ஆகவே அதைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுப் பெண்களின் படங்கள் அதில் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். நான்கு நாள் குறித்து வைத்த தாளையும், நீலத்திரைப் படத்தையும் கொடுங்கள். எந்தப் பாகம், என்ன விலை என்று முன்கூட்டியே கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள்.

நம் மூன்றாவது இயந்திரம் என்ன ஆனது? தூசியை எடுத்து, பேஸ்ட் வைத்ததும் மதியத் தொல்லை நின்றது. ஆனால் அஸருக்குச் சற்று முன்பு மட்டும் எப்போதாவது அணைந்தது. குறித்து வைத்த தாளைப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஒளு செய்யும் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் அந்த நேரத்தில்தான் ஓடும். சுவர் பிளக்குக்குள் ஒரு வயர் தளர்ந்திருந்தது. எலக்ட்ரீஷியன் முடுக்கிவிட்டார். எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாய்தான் செலவு. அல்ஹம்துலில்லாஹ், அதே மதர்போர்டில் இன்றும் பிள்ளைகள் விண்ணப்பம் நிரப்புகிறார்கள்.

பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப்போட நினைப்பவர்கள் முதலில் மையத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம். சரியானால் உங்களுக்கே பயன்படும். உங்களுக்குத் தேவையில்லை என்றால் படிக்கும் ஏழைப் பிள்ளை ஒருவருக்கு சதகாவாகக் கொடுக்கலாம். நம் பிள்ளைகளின் கல்வியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.