எங்கே பிழை?

"மனிதன் தவறலாம், கணிப்பொறி தவறாது" என்று நம்மில் பலர் நம்புகிறோம். முதுகலை இரண்டாமாண்டுத் திட்டக் கட்டுரையை எழுதத் தொடங்கும் வரை நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை எனக்குக் கற்றுக்கொடுத்த பாடத்தை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்ணியல் ஆராய்ச்சிக்கென்றே சில இயற்கணித மென்பொருள்கள் உண்டு. அவற்றுள் ஒன்றின் பெயர் 'பாரி'. பறம்பு மலைப் பாரி அல்ல; 1985-இல் பிரான்சு நாட்டுப் போர்தோ நகரில் ஆன்றி கோயன் என்ற கணிதரின் குழு உருவாக்கியது. ஆயினும் இதுவும் ஒரு வள்ளல்தான்; யார் வேண்டுமானாலும் காசின்றிப் பெற்றுக்கொள்ளலாம். நூறு இலக்க எண்களையும் ஓர் இலக்கம் பிசகாமல் பெருக்கித் தரும்.

இதைக் கொண்டு பகா எண்களை எண்ணும் புரோகிராம் ஒன்றை எழுதினேன். அதற்கு அடிப்படை பெர்மாவின் தேற்றம். 2-ஐத் தவிர்த்த எந்தப் பகா எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்றைக் குறைத்து, வருகின்ற எண்ணை 2-க்கு அடுக்காக இடுங்கள். கிடைப்பதை அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும். 7-ஐப் பாருங்கள்: 2-இன் ஆறாம் அடுக்கு 64, 64-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே, மீதி 1 வரும் எண்களையெல்லாம் பகா எண்கள் என்று எண்ணும்படி கட்டளையிட்டேன்.

500 வரை எண்ணிப் பார்த்தேன். விடை 95. நூலகப் புத்தகத்தின் அட்டவணையிலும் 95. பேராசிரியரிடம் காட்டிக் கையொப்பமும் பெற்றுவிட்டேன். கட்டுரையை ஒப்படைக்க இரண்டே நாள் இருக்கும்போது 1000 வரை ஓட்டினேன். வரவேண்டியது 168. வந்ததோ 170!

"மென்பொருளில் ஏதோ கோளாறு, ஐயா" என்றேன் பேராசிரியரிடம். அவர் சிரித்துவிட்டு, "தம்பி, பழியைப் பாரி மேல் போடுவதற்கு முன் அந்த இரண்டு எண்கள் எவை என்று சொல்லு, பார்க்கலாம்" என்றார்.

தேட முற்பட்டேன். பெரிய கணக்கில் தேடுவதைவிடச் சிறிய கணக்கில் தேடுவது எளிது. 100 வரை ஓட்டினேன். 25 வரவேண்டிய இடத்தில் 24 வந்தது. 1000-இல் இரண்டு கூடுகிறது. 100-இல் ஒன்று குறைகிறது! ஒரே பிழை இரண்டையும் செய்யாது. 10 வரை ஓட்டினேன். 3, 5, 7 மூன்றும் இருந்தன, 2 இல்லை. 2-ஐ 2-ஆல் வகுத்தால் மீதி சுழியம்தானே! தேற்றம் விலக்கி வைத்த எண்ணை நான் கவனிக்கவில்லை. 2-ஐத் தனியே சேர்த்துவிட்டு மீண்டும் 500 வரை ஓட்டினேன். இப்போது விடை 96. பிழையைத் திருத்தியதும், சரியாக இருந்த விடை தவறாகிவிட்டது!

அப்போதுதான் உண்மை விளங்கிற்று. 500 வரையில் ஓர் எண் விடுபட்டு, வேறோர் எண் திருட்டுத்தனமாக உள்ளே நுழைந்திருக்கிறது. கணக்கு நேராகிவிட்டதால் நானும் ஏமாந்தேன்; பேராசிரியரும் கையொப்பமிட்டார்.

மொத்தத்தை ஒப்பிடுவதை விட்டுவிட்டு, எரடோஸ்தனிசின் சல்லடை முறையில் வேறொரு புரோகிராம் எழுதினேன். இரு பட்டியல்களிலும் வேறுபடும் எண்களை மட்டும் அச்சிடச் சொன்னேன். மூன்று திருடர்கள் அகப்பட்டார்கள்: 341, 561, 645. 341 என்பது 11 × 31. ஆனால் 2-இன் பத்தாம் அடுக்கு 1024. அது 3 × 341 + 1. எனவே மீதி 1. அதை 34 முறை பெருக்கி 340-ஆம் அடுக்கை அடைந்தாலும் மீதி 1-தான். தாளில் இரண்டு வரியில் முடிகிற கணக்கு. பகா எண் என்றால் மீதி 1 வரும். மீதி 1 வந்தால் பகா எண் என்று தேற்றம் எங்கும் சொல்லவில்லை. மறுதலையைத் தேற்றமாக எடுத்துக்கொண்டது என் குற்றம். பாரி நான் கேட்டதைத்தான் செய்தது.

கையேட்டை முதலிலேயே படித்திருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கும். பாரியில் 'இஸ்பிரைம்' என்ற கட்டளை பகா எண் என்பதை நிறுவியே சொல்லும். 'இஸ்சூடோபிரைம்' என்ற கட்டளை ஒரு வலிய சோதனையில் தேறியதை மட்டும் சொல்லும். இத்தகைய சோதனைகளை எளிதாக நினைத்துவிடக் கூடாது. நினைத்துவிட்டு முழுதாக நம்பிவிடவும் கூடாது. 307-க்குட்பட்ட எல்லாப் பகா எண்களையும் அடியாகக் கொண்ட வலுவான சோதனையில் தேறிவிடும் 397 இலக்கப் பகு எண் ஒன்றை, பிரான்சுவா அர்னோ என்பவர் 1995-இல் அமைத்துக் காட்டினார்.

அப்படியானால் கருவி தவறவே தவறாதா? தவறும். அமெரிக்காவின் லிஞ்ச்பர்க் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களின் தலைகீழ்களைக் கூட்டிக்கொண்டிருந்தார். 1994-இல் அவருடைய விடைகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. அவர் உடனே கருவியைக் குறை கூறவில்லை. தம் புரோகிராம் முதல் ஒவ்வொன்றாகச் சந்தேகித்து, வேறு கணிப்பொறிகளிலும் ஓட்டிப் பார்த்து, பல மாதங்களுக்குப் பின்னரே பென்டியம் சில்லின் வகுத்தல் பகுதியில் பிழை உள்ளது என்று முடிவு கட்டினார். 824633702441 என்ற ஒரே எண்ணின் தலைகீழைக் கேட்டால் போதும், பிழை தெரிந்துவிடும் என்னும் அளவுக்கு அதைச் சுருக்கியும் காட்டினார். இன்டெல் நிறுவனம் சில்லுகளை மாற்றித் தர 47.5 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது.

நைஸ்லி செய்ததும் பேராசிரியர் என்னைச் செய்யச் சொன்னதும் ஒன்றே. பிழையைக் கண்டால் அதைச் சிறிதாக்கு. மொத்தத்தை நம்பாதே, உறுப்புகளை ஒப்பிடு. வேறொரு வழியில் அதே விடையைத் தேடு. இயன்றால் கையாலும் போட்டுப் பார். முதலில் உன்னைச் சந்தேகி, பிறகு கருவியை.

கட்டுரையை ஒரு நாள் தாமதமாகவே ஒப்படைத்தேன். திருத்திய அட்டவணைக்குக் கீழே, கையொப்பம் பெற்ற அந்தப் பழைய 95-இன் கதையையும் எழுதிவைத்தேன். "இந்தப் பக்கத்துக்குத்தான் உண்மையில் மதிப்பெண்" என்றார் பேராசிரியர். தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சொன்னது கணிப்பொறிக்கும் பொருந்தும்.