நாற்பதில் மீண்டும் மாணவி

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" இருபது ஆண்டு வார்டில் நின்று கண்விழித்த ஒரு நர்ஸ், மேலே படிக்கலாமா என்று கேட்டால், வீட்டில் முதலில் எடுத்து வீசப்படுவது இந்தப் பழமொழிதான். ஆனால் செவிலியர் தொழிலில் இதற்கு 1963-லேயே விடை கிடைத்துவிட்டது. ஏற்கனவே பயிற்சி முடித்த செவிலியர்க்கென்றே இரண்டாண்டுப் பட்டப்படிப்பு அந்த ஆண்டு திருவனந்தபுரத்தில் தொடங்கியது. இந்தியாவில் அவ்வகையில் அதுவே முதலாவது.

அதே கேரளத்தின் கிழக்கு ஓரத்தில் நம்மவர் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். பாலக்காட்டில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி; வாளையாற்றைத் தாண்டினால் கோவை. இடுக்கியில் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை. குமுளியிலோ போடிமெட்டிலோ மலை இறங்கினால் தேனி மாவட்டம். 1956 நவம்பர் 1-இல் கேரள மாநிலம் அமைந்தபோது இவ்வூர்களெல்லாம் அந்தப் பக்கம் நின்றுவிட்டன. அங்கே இன்றும் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. அப்பள்ளியில் படித்து நர்சிங்குக்குப் போகும் பெண், பள்ளியில் தமிழ், வார்டில் மலையாளம், பாடப்புத்தகத்தில் ஆங்கிலம் என மூன்று மொழியில் தொழில் கற்கிறாள். தோட்டத் தொழிலாளி ஒருவர் வலியைத் தமிழில் சொல்ல, அதை டாக்டருக்கு மலையாளத்தில் எடுத்துச் சொல்ல அவளால் முடியும். அந்தத் திறமைக்குச் சான்றிதழ் எதுவும் கிடையாது.

வழி என்ன?

ஜி.என்.எம். எனும் டிப்ளமோ முடித்துக் கவுன்சிலில் பதிவு செய்தவர்கள், பன்னிரண்டாம் வகுப்பும் தேறியிருந்தால், போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. நர்சிங்கில் சேரலாம். முழுநேரப் படிப்பு, இரண்டு ஆண்டு. அதன்பின் ஓராண்டுப் பணி அனுபவத்தோடு எம்.எஸ்ஸி.க்குப் போகலாம், படிப்புக்கு முன் பெற்ற அனுபவமும் கணக்கில் சேரும். கல்லூரி ஆசிரியர் பணிக்கும் அதுவே வாசல். ஏ.என்.எம். படித்தவர்கள் முதலில் ஜி.என்.எம். படிக்க வேண்டும். அதில் சேர இந்திய நர்சிங் கவுன்சில் 35 வயது என்ற உச்சவரம்பு வகுத்தபோதும், ஏ.என்.எம். செவிலியர்க்கு அந்த வரம்பு இல்லை என்றே விதித்தது. இது பலருக்குத் தெரியாது. பட்டப்படிப்பில் சேரும் வயது வரம்பை மட்டும் அந்தந்த மாநில அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தடை எங்கே?

மூளையில் இல்லை. வகுப்புக்கு 80 சதவீத வருகை வேண்டும். மருத்துவமனைப் பயிற்சியில் ஒரு நாளும் குறையக் கூடாது, தவறினால் ஈடு செய்தாக வேண்டும். பள்ளிக்குப் போகும் பிள்ளையும் படுக்கையில் மாமியாரும் உள்ள வீட்டில் இது எளிதா?

அடுத்தது சம்பளம். 2017-இல் செவிலியர் நடத்திய போராட்டத்துக்குப் பின், தனியார் மருத்துவமனைச் செவிலியர்க்கு மாதம் 20,000 ரூபாய் குறைந்தபட்ச ஊதியம் என்று கேரள அரசு 2018 ஏப்ரலில் அறிவித்தது. அந்தக் கணக்கில் பார்த்தாலும் இரண்டு ஆண்டில் கைவிட்டுப்போவது 4,80,000 ரூபாய். கல்லூரிக் கட்டணம் தனி.

எல்லையோரத்தில் காகிதத் தொல்லையும் உண்டு. கோவையிலோ தேனியிலோ படித்துத் தமிழ்நாட்டுக் கவுன்சிலில் பதிந்தவர், கேரளத்தில் வேலை பார்க்க அங்குள்ள கவுன்சிலிலும் பதிய வேண்டும். பட்டியல் சாதிக் குடும்பங்களின் நிலை இன்னும் கடினம். 1950-க்கு முன்பே கேரளப் பகுதியில் குடியிருந்ததைக் காட்ட முடியாத தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள், பிறந்து வளர்ந்த இடுக்கியிலேயே சாதிச் சான்றிதழுக்கு அலைந்திருக்கிறார்கள். சான்றிதழ் இல்லையேல் ஒதுக்கீடும் இல்லை, உதவித்தொகையும் இல்லை.

இவ்வளவு பாடுபட்டுப் பட்டம் வாங்கிய மறுநாளே சம்பளம் உயர்ந்துவிடும் என்று சொல்வதற்கில்லை. ஜி.என்.எம். படித்தவரும் பி.எஸ்ஸி. படித்தவரும் ஒரே வார்டில் ஒரே வேலை செய்வதை எங்கும் காணலாம். ஆனால் ஐம்பது வயதில் முதுகு வலிக்கத் தொடங்கும்போது, கட்டிலுக்குக் கட்டில் ஓடும் வேலையிலிருந்து கற்பிக்கும் வேலைக்கு மாற ஒரு கதவு திறந்திருக்கும். அந்தக் கதவுக்குத்தான் இந்த விலை.

நாம் செய்யக்கூடியது

வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழும் நம் குடும்பங்களில் ஊருக்குப் பணம் அனுப்பாதவர் குறைவு. கலியாணத்துக்கு அனுப்புகிறோம், வீடு கட்ட அனுப்புகிறோம். நாத்தனாரோ மதினியோ சித்தியோ நாற்பது வயதில் படிக்க ஆசைப்பட்டால், "இந்த வயசில் எதுக்கு?" என்று தொலைபேசியிலேயே முடித்துவிடுகிறோம்.

உறவினர் நான்கு பேர் சேர்ந்தால், அந்த இரண்டாண்டுச் சம்பளம் ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய்தான். பணத்தைவிடப் பெரிய உதவியும் உண்டு. நம்மிடையே உள்ள செவிலியர்கள் வாரம் ஒருமுறை தொலைபேசியில் ஆங்கிலப் பாடத்தைத் தமிழில் விளக்கலாம். சேருமுன் அந்தக் கல்லூரிக்கு நர்சிங் கவுன்சில் அங்கீகாரமும் பல்கலைக்கழக இணைப்பும் உண்டா என்று விசாரித்துச் சொல்லலாம். ஊரில் இருப்பவர்கள் பிள்ளைகளையும் அடுப்படியையும் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த முறை ஊருக்குப் பேசும்போது, வீட்டில் நர்ஸாக இருப்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "மேலே படிக்கணும்னு எப்பவாவது நினைச்சிருக்கீங்களா?" பதில் வர நேரமாகலாம், காத்திருந்து கேளுங்கள்.