கிரகணம் காரணமல்ல: மூளையையும் முகத்தையும் பாதிக்கும் மரபணுக் குறை

குழந்தை உதடு பிளந்தோ, முக அமைப்பு மாறியோ பிறந்தால், "கிரகணத்தன்று வெளியே போனாயா?" என்று தாயைத்தான் முதலில் கேட்கிறோம். மருத்துவம் சொல்லும் காரணங்கள் வேறு.

உதட்டுப் பிளவுகளில் பெரும்பாலானவை தனியாக வருபவை. அறுவை சிகிச்சையால் சரிசெய்யக்கூடியவை. ஆனால் சில குழந்தைகளுக்கு மூளையும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்று ஹோலோபுரோசென்செஃபலி.

கரு உருவான மூன்றாவது, நான்காவது வாரங்களில் முன்மூளை வலது, இடது என இரண்டாகப் பிரிய வேண்டும். அது முழுமையாகப் பிரியாமல் போவதே இக்குறை. முகத்தின் நடுப்பகுதியும் இதனோடு இணைந்தே வளர்வதால் கண்கள் நெருங்கி அமையலாம். மூக்கு சரியாக உருவாகாமல் போகலாம். உதடும் அண்ணமும் பிளவுபடலாம். பல பெண்களுக்குத் தாங்கள் கருவுற்றிருப்பதே உறுதியாகத் தெரியாத காலம் அது.

சுமார் 250 கருக்களில் ஒன்றுக்கு இக்குறை ஏற்படுகிறது. பெரும்பாலானவை கருச்சிதைவில் முடிந்துவிடுவதால், உயிருடன் பிறக்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகளில் ஒன்றுக்கே இது காணப்படுகிறது.

*காரணங்கள் என்ன?*

முதலாவது, குரோமோசோம் மாற்றம். 13ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பது இதில் முக்கியமானது. இது பெரும்பாலும் தற்செயலாக நேர்வது.

இரண்டாவது, தனி மரபணுவில் ஏற்படும் பிழை. வீடியோ விளையாட்டுப் பாத்திரத்தின் பெயரைக் கொண்ட 'சோனிக் ஹெட்ஜ்ஹாக்' மரபணுவுக்கு இதில் பங்குண்டு என்று 1996இல் கண்டறியப்பட்டது. சிக்2, சிக்ஸ்3 போன்ற மரபணுக்களும் காரணமாகலாம்.

இந்தப் பிழை தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வரலாம், புதிதாகவும் தோன்றலாம். பிழையுள்ள பெற்றோரிடமிருந்து ஒவ்வொரு குழந்தைக்கும் அது செல்லும் வாய்ப்பு 50 விழுக்காடு. ஆனால் அப்பெற்றோர் நலமாகவே இருக்கலாம். மேல் வரிசையின் நடுவில் இரண்டு பற்களுக்குப் பதில் ஒன்றே இருப்பது, வாசனை தெரியாதிருப்பது போன்ற சிறு அறிகுறிகள் மட்டும் சிலரிடம் தென்படும். பிழையைப் பெற்ற குழந்தைகளிலும் பாதிப்பின் அளவு ஒன்றுபோல் இருப்பதில்லை.

மூன்றாவது, கருவுறுவதற்கு முன்பே தாய்க்கு இருக்கும் இனிப்புநீர். கட்டுப்பாட்டில் இல்லாதபோது ஆபத்து கூடுகிறது. மலேசிய இந்தியர்களிடையே இந்நோய் அதிகம் என்பதால், குழந்தைக்குத் திட்டமிடும்போதே இரத்தச் சர்க்கரையைப் பரிசோதிப்பது நல்லது.

*என்ன செய்யலாம்?*

கடுமையான பாதிப்பு ஸ்கேனில் தெரியக்கூடும். லேசானவை தவறிவிடலாம். ஏற்கெனவே ஒரு குழந்தை பாதிக்கப்பட்டிருந்தால், அடுத்த கர்ப்பத்திற்கு முன் மரபணு ஆலோசனை பெறுங்கள். அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் மரபியல் பிரிவு உள்ளது. கணவன், மனைவி இருவரும் சேர்ந்தே செல்லுங்கள். பரிசோதனை இருவருக்கும் தேவைப்படலாம்.