மிஸ் அடிக்கும் மோட்டார்

கவரைப்பேட்டையில் ரயிலை விட்டு இறங்குபவருக்குக் கடல் ஞாபகம் வராது. நெடுஞ்சாலையில் ஓயாத லாரிகள், வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ஆலைகள் என்று இரும்பும் புகையும்தான் கண்ணில் படும். ஆனால் பக்கத்து நிலையமான பொன்னேரியில் இறங்கிக் கிழக்கே போகும் பேருந்தைப் பிடித்தால் பழவேற்காடு வந்துவிடும். ஆரணி ஆறு போய்க் கலக்கும் அந்த உப்பங்கழி, ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்து நாட்டிலேயே பெரியது. இறாலும் நண்டும் மடவையும் பிடிக்க அங்கிருந்து கிளம்பும் ஃபைபர் படகுகள் பலவற்றின் பின்பலகையில் தொங்குகிறது ‘ஓ.பி.எம்.’ என்று கரையில் சொல்லப்படும் வெளிப்பொருத்து மோட்டார்.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஓலே எவின்ரூட் 1909-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டாரிலிருந்துதான் இது பரவலாகத் தொடங்கியது. நம் பக்கத்தில், ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் 1979-ல் சென்னையைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், மணற்கரையிலிருந்தே இறக்கக்கூடிய படகுகளையும் அவற்றுக்கு ஏற்ற எஞ்சின்களையும் சோதித்துப் பார்த்தது. இன்று தமிழகக் கரையோரத்தில் 8, 9.9 குதிரைத்திறன் மோட்டார்கள் சாதாரணம். அவற்றோடு சேர்ந்து ஒரு புலம்பலும் சாதாரணமாகிவிட்டது: “எஞ்சின் மிஸ் அடிக்குதுண்ணே.”

இதைச் சின்ன விஷயமாக விட முடியாது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் அலை உடையும் இடத்தில் எஞ்சின் நின்றால், படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குக் காரணமாகப் பேசப்பட்டது மோட்டார் அல்ல. ஏற்றிய ஆட்களின் எண்ணிக்கையும் உயிர்காப்பு அங்கி இல்லாததும்தான். என்றாலும் அந்தத் தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் ஆளைச் சாய்க்கும் என்பதை அந்த ஊர் அன்று பார்த்தது.

மிஸ் அடித்தால் பெரும்பாலோர் உடனே கார்பரேட்டரைப் பிரிக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கோளாறு எப்போது வருகிறது? மெதுவாக ஓடும்போதா, முழு வேகத்திலா, பத்து நிமிடம் ஓடிய பிறகா? நேரத்தைப் பிடித்துவிட்டால் இடம் பாதி தெரிந்துவிடும்.

மெதுவில் திக்கி, வேகம் கொடுத்ததும் சீராகிவிட்டால் சந்தேகம் கார்பரேட்டரின் பைலட் ஜெட் மீது போக வேண்டும். மயிரிழை அளவே உள்ள அந்தத் துளையில் காய்ந்த பெட்ரோலின் பிசின் படிந்தால் போதும். மெதுவில் நன்றாக இருந்து, முழு வேகத்தில் மூச்சு வாங்கினால், எரிபொருள் போதவில்லை என்று பொருள். நன்றாகப் போய்க்கொண்டிருந்து, சட்டென நின்று, கொஞ்ச நேரம் கழித்துத் தானே ஸ்டார்ட் ஆனால், டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகு மூடியிருக்கலாம். அல்லது சூடேறியதும் இக்னிஷன் காயில் கைவிடுகிறது. எஞ்சின் சத்தம் மட்டும் ஏறிப் படகு நகராவிட்டால், எஞ்சினைத் தொடவே வேண்டாம். கோளாறு விசிறியில் இருக்கிறது. நடுவே உள்ள ரப்பர் புஷ் நழுவியிருக்கும், அல்லது நைலான் வலைத் துண்டோ பிளாஸ்டிக் பையோ சுற்றியிருக்கும்.

சோதனையைக் கரையிலேயே செய்யலாம். இருநூறு லிட்டர் டிரம் ஒன்றில் நல்ல தண்ணீர் நிரப்பி, விசிறியைக் கழற்றிவிட்டு, அதற்கு மேலே உள்ள தட்டு முழுகும்படி மோட்டாரைத் தொங்கவிட வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓட்டிப் பார்ப்பதுதான் வீட்டில் நடக்கும் பெரிய தவறு. குளிர்விக்கும் தண்ணீரை மேலே இழுக்கும் இம்பெல்லர் ரப்பரால் ஆனது. வறட்சியில் சுற்றினால் வெகு சீக்கிரம் கருகிவிடும். மூடிய ஷெட்டுக்குள்ளும் ஓட்டக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

இனி டேங்கிலிருந்து தொடங்கி எரிபொருள் போகும் வழியிலேயே போக வேண்டும். மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? குழாயின் நடுவே உள்ள ரப்பர் பல்பில் அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்கிறதா? பல்பை அழுத்தினால் சில அழுத்தங்களில் கல்லாக இறுக வேண்டும். இறுகவில்லை என்றால் எங்கோ காற்று புகுகிறது, அல்லது பல்புக்குள் இருக்கும் வால்வு போய்விட்டது. படகில் போகும்போது முழு வேகத்தில் எஞ்சின் தளர்ந்தால் ஒருவர் இந்தப் பல்பை அழுத்திக்கொண்டே இருக்கட்டும். எஞ்சின் நிமிர்ந்துவிட்டால், பெட்ரோல் பம்பின் டயாஃப்ரமோ பம்புக்கு முந்தைய ஃபில்டரோதான் குற்றவாளி. அதேபோல் சோக்கைச் சற்று இழுத்துப் பார்க்கலாம். அப்போது ஓட்டம் சீரானால், கலவையில் பெட்ரோல் குறைகிறது. ஜெட் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு சோதனைக்கும் காசு செலவில்லை, ஒரு போல்ட்டையும் கழற்ற வேண்டாம்.

பெட்ரோலையும் பார்த்துவிட வேண்டும். பங்க்குகளில் இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். உப்பங்கழிக் காற்றில் பாதி காலியான டேங்க் வாரக்கணக்கில் கிடந்தால் ஈரம் சேரும். ஓர் அளவுக்கு மேல் போனால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். எஞ்சினுக்குப் போகும் குழாய் அந்த அடியில்தான் உறிஞ்சுகிறது. எண்ணெய் கலந்து ஓடும் டூ ஸ்ட்ரோக் மோட்டாருக்கு இதில் இரட்டை ஆபத்து: மிஸ் அடிப்பதோடு, அந்த அடி நீரில் எண்ணெய் இல்லாததால் பிஸ்டன் சீஸ் ஆகவும் கூடும். கார்பரேட்டரின் அடித் திருகைத் திறந்து, வழிவதைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துச் சற்று வைத்தால் தண்ணீர் தனியாகத் தெரியும்.

எண்ணெய்க் கணக்கிலும் கை தளர்ச்சி கூடாது. பல மோட்டார்களுக்கு 50-க்கு 1 என்ற விகிதம். அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. கையேடு சொல்வதே இறுதி. பாதுகாப்புக்கு என்று கூடுதலாக ஊற்றினால் பிளக் நனைந்து கரி பிடிக்கும். மண்ணெண்ணெயில் ஓடும் வகைக்கு இன்னொரு ஒழுங்கு உண்டு: பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு வர வேண்டும். அப்படிச் செய்யாமல் நிறுத்தினால் கார்பரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி, மறுநாள் விடியற்காலையில் கயிறு இழுத்தே கை ஓய்ந்துவிடும்.

அடுத்தது பிளக். சிறிய மோட்டார்கள் பலவற்றில் இரண்டு சிலிண்டர். இரண்டு பிளக்கையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவையே கதை சொல்லும். வெளிர் பழுப்பு என்றால் நலம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது மிகைச் சூடு. ஒன்று பழுப்பாகவும் மற்றது ஈரமாகவும் இருந்தால், ஈரமான சிலிண்டர் எரியவே இல்லை. எது வேலை செய்யவில்லை என்று உறுதிப்படுத்த, எஞ்சினை நிறுத்தி ஒரு கேப்பைக் கழற்றி, அதில் பழைய பிளக் ஒன்றைச் செருகி எஞ்சின் உடம்போடு தொடவைத்துப் பிறகு ஓட்டலாம். ஓட்டத்தில் மாற்றமே இல்லை என்றால் அந்த சிலிண்டர் ஏற்கெனவே செத்துக் கிடக்கிறது. இதைச் செய்யும் இடத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது. ஓடும்போது வெறுங்கையால் கேப்பைத் தொடவும் கூடாது.

இடையிடையே தானாகவே வெட்டி வெட்டி ஓடினால், நிறுத்தும் சுவிட்சையும் பார்க்க வேண்டும். கையில் மாட்டும் கயிற்றோடு வரும் அந்த சுவிட்சுக்குள் உப்பு ஏறி ஷார்ட் ஆனால், எஞ்சினுக்கு ‘நில்’ என்ற கட்டளை விட்டு விட்டுப் போய்க்கொண்டிருக்கும்.

எஞ்சின் ஓடும்போது பின்னால் சிறு துளையிலிருந்து தண்ணீர் பீச்சியடிக்க வேண்டும். பழவேற்காடு ஏரியில் ஆழம் பல இடங்களில் இடுப்பளவுகூடக் கிடையாது. விசிறி கிளப்பும் சேறு உறிஞ்சு துளைகளை அடைத்துவிடும். பீச்சல் மெலிந்தால் கம்பியால் பீச்சும் துளையைக் குத்திப் பார்க்கலாம். அதற்கும் சரியாகவில்லை என்றால் இம்பெல்லரை மாற்றும் நேரம். கார்பரேட்டர் ஜெட்டுக்கு மட்டும் கம்பி ஆகாது. துளை ஒரு இழை பெரிதானாலும் கலவை கெட்டுவிடும். கிளீனர் தெளித்துக் காற்றடிப்பதே சரி.

இவ்வளவும் பார்த்த பின்னும் மிஸ் நிற்காவிட்டால், கம்ப்ரஷன் கேஜ் வைத்து இரண்டு சிலிண்டரின் அழுத்தத்தையும் ஒப்பிட வேண்டும். ஒன்று மற்றதைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் பிஸ்டன் ரிங்கோ கேஸ்கட்டோ போயிருக்கும். கியர் ஆயில் பால் போல வெளுத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. இவை வீட்டுத் திண்ணையில் முடியும் வேலைகள் அல்ல. மெக்கானிக்கிடம் போகும்போது கழற்றிய பிளக்குகளையும், எந்த சிலிண்டருடையது எது என்ற குறிப்பையும், குப்பியில் பிடித்த பெட்ரோலையும் கொண்டுபோகலாம். எந்த வேகத்தில் மிஸ் அடித்தது, பல்பை அழுத்தியபோது என்ன ஆனது, சோக் இழுத்தபோது என்ன ஆனது என்றும் சொல்லிவிட்டால், காயிலைச் சோதிப்பதா சிலிண்டர் ஹெட்டைத் திறப்பதா என்று அவர் அங்கிருந்தே தொடங்கலாம்.